ஹோமா, ப்ரோவா? தங்கச்சிமடம் கருவாட்டுக் கடைக்கு ஒரு மடிக்கணினி

#1 கருவாட்டுக்கணக்கு, தங்கச்சிமடம்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கருவாடு மொத்த வியாபாரம். கடை மாமனாருடையது, கணக்கு என் தலையில். எட்டு வருடம் ஓடிய கணினி போன மாதம் மூச்சை விட்டது. பிரித்துப் பார்த்த பையன் மதர்போர்டை வெயிலில் தூக்கிக் காட்டினான். யூஎஸ்பி துளைகளைச் சுற்றிப் பாசி படர்ந்த மாதிரி பச்சை. "அக்கா, இது கம்ப்யூட்டரா, கடல்ல கிடந்த நங்கூரமா?" என்று கேட்டுவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

அதில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மின்சாரம் போய்ப் போய் வருவதால் இந்த முறை மடிக்கணினி.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விலை கேட்டோம். கடைக்காரர் சொன்னது: "இதில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்புதான் வரும். வீட்டுக்கு ஹோம், வியாபாரத்துக்கு ப்ரோ. ஹோமில் டேலி இழுக்கும், வரித் தளம் பாதியில் நின்றுவிடும். ஆயிரத்து ஐந்நூறு கூடக் கொடுங்கள், ப்ரோ போட்டுத் தருகிறேன்."

மாமனார் "ஆயிரத்தைநூறுதானே, போட்டுருவோம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தேவை இவ்வளவுதான்: டேலி, பட்டியல் அச்சடிப்பது, வரிக் கணக்கு ஏற்றுவது. நானும் கணக்கெழுதும் பெண்ணும் மாறி மாறி உட்காருவோம். கத்தாரில் இருக்கும் கொழுந்தன் அவ்வப்போது கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறான். ஹோம் போதுமா?

#2 தொண்டிப்பாய்மரம், தொண்டி

ப்ரோ போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். என் கணினி ஹோமில் ஆமை மாதிரி இருந்தது. ப்ரோ போட்ட அன்றே பறந்தது. ஒரு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

#3 மண்டபம்பழசு, மண்டபம்

தொண்டித் தம்பி, உங்கள் கணினியில் ப்ரோ போட்டவர் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தானே போட்டார்? வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்தால் புது வீடு மாதிரித்தான் இருக்கும். அதே ஹோமை அழித்து மறுபடி போட்டிருந்தாலும் பறந்திருக்கும். இரண்டுக்கும் உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றுதான். டேலிக்கு ஹோம் என்றும் தெரியாது, ப்ரோ என்றும் தெரியாது. வரித் தளம் திறப்பது உலாவியில்.

இந்த "ஹோம் என்றால் மட்டம்" என்ற பேச்சு சும்மா வந்ததும் இல்லை. நான் மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிகளைக் கட்டி மேய்த்தவன், இப்போது ஓய்வு. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது ஹோம் எடிஷன், ப்ரொஃபஷனல் என்று இரண்டு. அலுவலகக் கணினிகளை ஒன்றாகக் கட்டி ஆளும் டொமைனில் ஹோமைச் சேர்க்கவே முடியாது. பகிர்ந்த கோப்புக்கு ஒரே நேரத்தில் ஐந்து கணினிதான் வரலாம், ப்ரொஃபஷனலில் பத்து. அப்புறம் விண்டோஸ் 7. நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே ஹோம் பேசிக் என்று ஒன்றை விற்றார்கள். 64 பிட் போட்டாலும் 8 ஜிபி நினைவகத்துக்கு மேல் ஏறாது, கண்ணாடி மாதிரி மின்னும் சன்னல்களும் கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும் பார்க்க. அந்தக் காலத்தில் "ப்ரோ வாங்கு" என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்றைய விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபி வரை தாங்கும், ப்ரோ 2 டிபி வரை. கருவாட்டுக் கணக்குக்கு 16 ஜிபியே அதிகம்.

ப்ரோவில் கூடுதலாக இருப்பது இவை. டொமைனில் சேர்வது. கணினியில் எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்று விதி போடும் குரூப் பாலிசி. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர், முழுதாக. உங்கள் கணினிக்குள் வேறு இடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, சந்தேகமான கோப்பைத் தனியாகத் திறந்து பார்க்கும் சாண்ட்பாக்ஸ். அப்டேட்டைத் தள்ளிப்போட நீண்ட கயிறு. இந்தப் பட்டியலில் எதுவாவது இல்லாமல் உங்களுக்கு இதுவரை ஒரு நாளாவது வேலை நின்றிருக்கிறதா அம்மா? அதுதான் கேள்வி.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் வெறும் "ஹோம்" என்று இருக்கிறதா, "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்று இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

#4 கருவாட்டுக்கணக்கு

ஐயா, விலைச்சீட்டில் சிங்கிள் லாங்குவேஜ் என்றுதான் இருக்கிறது. கொழுந்தன் நுழைவது அந்த ரிமோட் டெஸ்க்டாப் கணக்கில் வருமா? அது ஒன்றுக்காக ப்ரோ வேண்டியிருக்குமோ என்று பயம்.

#5 முத்துச்சிப்பி, கீழக்கரை

தங்கச்சி, இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். வாப்பா கீழக்கரையில் கடையைப் பார்க்கிறார், நான் அப்போது துபாயில். தினமும் இரவு ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து ப்ரோ வாங்கினேன். ஃபைபர் இணைப்பில் நிலையான ஐபி வாங்கி, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலான 3389-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். துபாயிலிருந்து கடைத் திரையை முதல் தடவை பார்த்தபோது பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் வாப்பா போன் பண்ணினார். "எல்லா பைலுக்கும் வால் முளைச்சிருக்குப்பா" என்றார். ரான்சம்வேர். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், நடுவில் காசு கேட்டு ஒரு கடுதாசி. அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைப்பது கடைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தொழுகைக்குப் போவது மாதிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உலகம் முழுக்க அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். என் பாஸ்வேர்டு வாப்பாவின் பெயரும் 123-உம்.

குற்றம் ப்ரோவின் மேல் இல்லை, என் மேல். ஆனால் "ரிமோட் வேண்டும், அதனால் ப்ரோ" என்று வாங்குகிறவர்கள் பாதிப் பேர் நான் செய்ததைத்தான் செய்கிறார்கள். விபிஎன் என்ற பூட்டிய தனி வழியை வைத்து அதற்குள் செய்வதுதான் முறை.

#6 தொண்டிப்பாய்மரம்

முத்துச்சிப்பி காக்கா, அப்படியானால் ப்ரோவில் ஒரே நேரத்தில் நான்கு பேர் உள்ளே வந்து வேலை செய்யலாம் என்கிறார்களே, அதாவது உண்மையா?

#7 மண்டபம்பழசு

இல்லை. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கொழுந்தன் கத்தாரிலிருந்து நுழைந்தால் கடையில் கணக்கெழுதும் பெண்ணின் திரை பூட்டிக்கொள்ளும். அந்தப் பெண் திறந்தால் அவர் வெளியே விழுவார். ஏலக் கூடத்தில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போடுகிற கதைதான். பல பேர் வேண்டுமென்றால் சர்வர், அதற்குத் தனி உரிமம். இணையத்தில் ஏதோ ஒரு கோப்பைப் போட்டு அதை ஏமாற்றலாம் என்று வீடியோ வரும். உரிமத்துக்கு முரண். அடுத்த அப்டேட்டில் உடையவும் செய்யும்.

கொழுந்தன் கணக்கைப் *பார்க்க* மட்டும் வேண்டுமென்றால், டேலியின் அறிக்கைகளை உலாவியிலேயே பார்க்கும் வசதி உண்டு. டிஎஸ்எஸ் என்ற டேலிச் சந்தா உயிரோடு இருக்க வேண்டும், கடையில் கணினியும் டேலியும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையையே தொட வேண்டுமென்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமிலும் ஓடும், போர்ட் எதையும் திறக்க வேண்டாம். ஆள் இருக்கும்போது மட்டும் உதவி செய்ய விண்டோஸிலேயே குவிக் அசிஸ்ட் இருக்கிறது, அதுவும் ஹோமில் உண்டு. இன்னொருவரின் ப்ரோ கணினிக்குள் *போக* ஹோம் போதும். உங்கள் கணினிக்குள் அவர் *வரத்தான்* ப்ரோ வேண்டும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

#8 நாலாம்வருசம், ராமநாதபுரம்

பொறியியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் ப்ரோ, அதுவும் எப்படிப்பட்ட ப்ரோ என்று கேட்காதீர்கள். கேட்டால் "கோடிங் பண்ண ப்ரோதான் வேணும்" என்பார்கள். நான் ஹோமில்தான் மூன்று வருடம் ஓட்டினேன். லினக்ஸை உள்ளே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஹோமிலேயே வருகிறது. மெய்நிகர் கணினிக்கு விர்ச்சுவல்பாக்ஸ். ஹைப்பர்-வி பாடத்தில் வந்த ஒரு வாரம் மட்டும் லேப் கணினியில் உட்கார்ந்தேன். சாண்ட்பாக்ஸ் மட்டும் ஆசையாக இருக்கிறது.

#9 பனங்கிழங்கு, சாயல்குடி

எல்லாவற்றையும் விட்டுவிட்டு லினக்ஸ் போடுங்கள். ஹோமும் இல்லை ப்ரோவும் இல்லை, காசும் இல்லை.

#10 கருவாட்டுக்கணக்கு

பனங்கிழங்கு தம்பி, டேலிக்காரர் வந்து பார்த்துவிட்டு மயங்கி விழுந்தால் நீங்கள் வந்து தண்ணீர் தெளிப்பீர்களா?

#11 உப்புக்காற்று, பாம்பன்

அக்கா, நான் மடிக்கணினி பழுது பார்க்கிறவன். நீங்கள் எல்லோரும் பேசாத ஒன்றைச் சொல்ல வந்தேன். நம் கரையில் ஹோம், ப்ரோ என்று பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு.

என் மேசைக்கு மாதத்தில் எட்டுப் பத்து போர்டாவது உப்பில் செத்து வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கூட. காற்றாடி உள்ளே இழுப்பது காற்றை மட்டும் இல்லை, உப்பையும்தான். முதலில் சார்ஜர் துளை, அப்புறம் கீபோர்டு ரிப்பன் சொருகும் இடம், அப்புறம் மின்சாரம் பிரிக்கும் சின்னச் சின்ன சில்லுகள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பாதி பிழைக்கும், பாதி பிழைக்காது. பிழைக்காததற்கு வேறு போர்டு.

போன ஐப்பசியில் ஒரு பெரியவர் வந்தார். ஐஸ் பிளாண்ட் கணக்கு. மடிக்கணினி வாங்கி ஒன்றரை வருடம், ஹோம்தான். போர்டு போய்விட்டது, எஸ்எஸ்டி நல்லாயிருந்தது. "டிஸ்க்தான் நல்லாயிருக்கே, எல்லாம் கிடைச்சிரும்" என்று நானும் தைரியமாகச் சொல்லிவிட்டேன். வேறு கணினியில் மாட்டினேன். நீலத் திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

பெரியவர் "நான் பூட்டவே இல்லையே" என்கிறார். அவர் பூட்டவில்லை, உண்மைதான். ஹோமில் பிட்லாக்கர் என்ற பெயரில் இல்லையே தவிர, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று அதன் தம்பி இருக்கிறான். புதுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு நுழைந்ததும் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி, சாவியை அந்தக் கணக்கில் கொண்டுபோய் வைத்துவிடும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் நிறையக் கணினிகளில் நடக்கிறது. திறக்கும் ரகசியம் போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு கட்டியிருப்பதால், போர்டு மாறினால் சாவி கேட்கும்.

சரி, கணக்கில் போய்ச் சாவியை எடுக்கலாம். எந்தக் கணக்கு? வாங்கிய அன்று கடையில் ஒரு பையன் "இமெயில் இருக்கா ஐயா?" என்று கேட்டிருக்கிறான். இவர் இல்லை என்றிருக்கிறார். அவன் அந்த இடத்திலேயே ஏதோ ஒரு இமெயிலை உருவாக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. இமெயில் என்னவென்று திரையில் எங்காவது தெரிந்திருக்கும், ஆனால் அந்தத் திரைக்குள் போகத்தான் சாவி வேண்டும்.

ஒன்றரை வருடக் கணக்கு. பெரியவர் அந்த எஸ்எஸ்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பீடிக்கட்டு அளவுகூட இல்லை அது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அதனால் அக்கா, ஹோமோ ப்ரோவோ, முதல் நாள் உங்கள் கையால், உங்கள் இமெயிலில் கணக்கை உருவாக்குங்கள். அன்றைக்கே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதுங்கள். ப்ரோவில் பிட்லாக்கர் இருந்தால் சாவியை அச்சடிக்க, பென்டிரைவில் வைக்க, பென்டிரைவையே பூட்ட வசதி உண்டு. நல்லதுதான். ஆனால் எழுதி வைக்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

#12 முத்துச்சிப்பி

அல்லாஹ். இதைப் படித்துவிட்டு இப்போதுதான் என் கணக்கில் போய்ப் பார்த்தேன். மூன்று சாவி கிடக்கிறது, அதில் இரண்டு நான் விற்றுவிட்ட கணினிகளுடையது.

#13 தொண்டிப்பாய்மரம்

உப்புக்காற்று அண்ணே, போர்டை மாற்றினால் விண்டோஸ் உரிமம் என்ன ஆகும்? போர்டோடு போய்விடும் என்கிறார்களே.

#14 உப்புக்காற்று

போய்விடும், பெரும்பாலும். கணினியோடு வருவது ஓஇஎம் உரிமம், தயாரித்த கம்பெனி போட்டுத் தருவது. உரிமச் சாவி போர்டுக்குள்ளேயே எழுதியிருக்கும். விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் எந்த எண்ணும் கேட்காமல் தானே ஹோம் என்று போட்டுக்கொள்வது அதனால்தான். கம்பெனி சர்வீஸில் உத்தரவாதத்தில் போர்டு மாற்றினால் அவர்களே சாவியை எழுதிக் கொடுப்பார்கள். என்னிடம் பழைய போர்டு வாங்கிப் போட்டால், அந்தப் போர்டுக்குள் என்ன சாவி இருக்கிறதோ அதுதான். ஒருமுறை ஒருவருக்கு ஹோம் போர்டு போய் ப்ரோ போர்டு கிடைத்தது. நான் ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்து இரண்டு கிலோ நண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

தனியாக விற்கும் ரீட்டெய்ல் உரிமம் வேறு. அதை ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். ப்ரோவுக்குக் காசு செலவு செய்வதாக இருந்தால் நம் கடற்கரையில் ரீட்டெய்லாக வாங்குவதுதான் புத்தி. இங்கே போர்டுகளுக்கு ஆயுசு குறைவு.

#15 மண்டபம்பழசு

இப்போது அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வருவோம். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அமெரிக்காவில் கேட்கும் விலை 99 டாலர். அதை ஒருவர் ஆயிரத்து ஐந்நூறுக்கு, அதுவும் தன் லாபம் வைத்துத் தருகிறார் என்றால் என்ன சரக்கு என்று கேட்க வேண்டாமா? வஞ்சிர மீன் கிலோ ஐம்பது ரூபாய் என்றால் நீங்கள் முகர்ந்து பார்க்காமல் வாங்குவீர்களா அம்மா?

அநேகமாக இரண்டில் ஒன்று. ஏதோ ஒரு பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த சாவி, வெளியே கசிந்தது. ஒரு நாள் முடக்குவார்கள். இல்லையென்றால் நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் என்ற முறையை ஏமாற்றும் ஒரு நிரல். அது 180 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியது, அதனால் அந்த நிரல் உங்கள் கணினியில் குடியிருந்துகொண்டே இருக்கும். வேறு என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? டேலி இருக்கும் கணினியில், வங்கிக்குள் நுழையும் கணினியில்.

பார்க்க எளிய வழி உண்டு. அந்தக் கடையில் ப்ரோ போட்ட ஒரு கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது கேஎம்எஸ்.

#16 நாலாம்வருசம்

சார், என் வகுப்பு முழுக்க அந்த வரிதான் இருக்கும்.

#17 ரதவீதி, ராமேசுவரம்

தாமதமாக வந்தேன். கோயில் பக்கம் பிரவுசிங் சென்டர். யாத்திரை வருகிறவர்கள் ரயில் டிக்கெட், ஆதார், போட்டோ என்று அச்சடிக்க வருவார்கள். ஐந்து கணினி, ஐந்தும் ப்ரோ, காசு கொடுத்து வாங்கியது. இந்த இழையில் ப்ரோவுக்காகப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன் போல.

எனக்கு அது உண்மையிலேயே வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க உட்காருகிற கணினிகள். குரூப் பாலிசியில் கன்ட்ரோல் பேனலை மூடிவைத்திருக்கிறேன், பென்டிரைவிலிருந்து நிரல் எதுவும் ஓடாது. வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகமான கோப்பை சாண்ட்பாக்ஸில் திறப்பேன், மூடினால் சுத்தமாக அழிந்துவிடும். முன்பு ஹோமில் இருந்தபோது வாரம் ஒரு கணினி வைரஸ் பிடித்துப் படுக்கும். தை அமாவாசைக்கு முதல் நாள் மூன்று கணினி படுத்தது, வாசலில் வரிசை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்டேட்டிலும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஹோமில் ஐந்து வாரம் நிறுத்திவைக்கலாம், அப்புறம் அதைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி நிறுத்த முடியும். ப்ரோவில் பெரிய அப்டேட்டை 365 நாள் வரை, மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை 30 நாள் வரை பாலிசியில் தள்ளிவைக்கலாம்.

ஆனால் கருவாட்டுக்கணக்கு அக்காவுக்கு இது எதுவும் வேண்டாம். ஒரே கணினி, தெரிந்த இரண்டு பேர். ஆளுக்கொரு பயனர் கணக்கு, அந்தப் பெண்ணுக்கு நிர்வாகி உரிமை இல்லாதது. அது ஹோமிலேயே உண்டு.

#18 பனங்கிழங்கு

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விண்டோஸ் ஹோம் தடைக்காலம் 35 நாள்தான். அரசாங்கமே பரவாயில்லை.

#19 கருவாட்டுக்கணக்கு

சிரித்துவிட்டேன். ஆனால் இதில் எனக்கு நிஜமாகவே ஒரு பயம் உண்டு. தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் தடவை கரைக்கு வரும் நாளில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு வருடம் அன்றைக்குப் பார்த்துப் பழைய கணினி "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று சொல்லி 37 சதவீதத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது. மாமனார் அதன் முன்னால் நின்று கும்பிட்டார்.

#20 ரதவீதி

அதற்கு ப்ரோ வேண்டாம் அக்கா. ஜூன் மாதம் முதல் வாரமே எல்லா அப்டேட்டையும் நீங்களாகப் போட்டு, மறுதொடக்கம் செய்து முடித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். ஆக்டிவ் ஹவர்ஸ் என்று 18 மணி நேரம் வரை குறிக்கலாம், அந்த நேரத்தில் தானாக அணைந்து எழாது. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட் இறங்காது, டேட்டாவும் மிஞ்சும்.

#21 மண்டபம்பழசு

சிங்கிள் லாங்குவேஜ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதில் திரை மொழி ஒன்றுதான். மெனு எல்லாம் தமிழில் வர வேண்டும் என்று மொழியைச் சேர்க்கப் போனால், உங்கள் உரிமத்தில் ஒரு மொழிதான் என்று சொல்லிவிடும். தட்டச்சுக்கு அந்தத் தடை இல்லை, தமிழ் 99 விசைப்பலகை எல்லாப் பதிப்பிலும் வரும், எழுத்துருவும் வரும். பட்டியலில் தமிழில் சரக்குப் பெயர் அடிக்கலாம். திரை முழுக்கத் தமிழில் வேண்டும் என்றால் மட்டும் சாதாரண ஹோம் உள்ள கணினியாகக் கேளுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வின்வர் (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் எந்தப் பதிப்பு என்று காட்டும்.

#22 கருவாட்டுக்கணக்கு

கணக்கெழுதும் பெண்ணிடம் கேட்டேன். அவள் போனில் ஒருமுறை எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டு, "அமைப்புகள்" எது "விருப்பங்கள்" எது என்று தெரியாமல் அக்கா மகனைக் கூப்பிட்டுத் திரும்ப மாற்றினாளாம். "வஞ்சிரம், நெத்திலி, திருக்கை தமிழ்ல வந்தா போதும்க்கா, மத்ததெல்லாம் இங்கிலீஷ்லயே கிடக்கட்டும்" என்கிறாள். ஆக சிங்கிள் லாங்குவேஜே போதும்.

நாளைக்குக் கடைக்குப் போகிறேன். வந்து சொல்கிறேன்.

#23 கருவாட்டுக்கணக்கு

போய்விட்டு வந்தேன்.

ப்ரோ போட்ட கணினி ஒன்றைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முதலில் "அதெல்லாம் எதுக்கும்மா" என்றார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் காட்டினார். ஆக்டிவேஷன் பக்கத்தில் ஐயா சொன்ன அதே வரி, நிறுவனத்தின் சேவை என்று. "எந்த நிறுவனம்ணே?" என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் "அழுகின மீன்" என்றார், அவ்வளவுதான்.

கணினியை வேறு கடையில் வாங்கினோம். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி. ப்ரோவுக்கென்று வைத்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு வெளி டிஸ்க். பின்னால் எப்போதாவது ப்ரோ வேண்டியிருந்தால் அழிக்காமலேயே சாவி வாங்கி மாறிக்கொள்ளலாமாமே. அந்தக் கடைப் பையன் சொன்னான். சரிதானே?

#24 மண்டபம்பழசு

சரிதான். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறுவது பத்து இருபது நிமிடம், கோப்பு எதுவும் போகாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்குவதென்றால்தான் முழுவதும் அழித்துப் போட வேண்டும். அதனால் கீழே இருந்து தொடங்குவதில் நட்டமில்லை. மெய்யான ப்ரோவோடு வரும் கணினி கொஞ்சம் வித்தியாசத்தில் கிடைத்திருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்குக் கிடைத்தது அது இல்லை.

வெளி டிஸ்க்கில் டேலியின் டேட்டா கோப்புறையை வாரம் ஒரு முறை எடுங்கள். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். முத்துச்சிப்பிக்கு வந்த வால் அந்த டிஸ்க்கிலும் முளைத்துவிடக் கூடாது.

#25 உப்புக்காற்று

அக்கா, கடல் பக்கத்துச் சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், உள்ளே சூடு பட்டால் ஈரம் காயும். தடைக்காலம் என்று இரண்டு மாதம் பையில் போட்டு வைத்தால்தான் ஆபத்து. செருப்புப் பெட்டியில் வரும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலங்களை எறியாமல் பைக்குள் போட்டு வையுங்கள். கருவாட்டு மூட்டை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சாவி?

#26 கருவாட்டுக்கணக்கு

நேற்று இரவே எடுத்துவிட்டேன் தம்பி. கணக்கை நானே உருவாக்கினேன், என் இமெயில், என் போன். சாவி அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆறு ஆறாக எட்டுக் கட்டு. நான் வாசிக்க வாசிக்க மாமனார் எழுதினார், பிறகு அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். ஐந்தாவது கட்டில் ஒரு 7-ஐ 1 என்று எழுதியிருந்தார்.

1988-இல் பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்த வருடம் அவர் கடை தொடங்கியபோது வாங்கிய நீல அட்டைப் பேரேடு ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது. யார் யாருக்கு முன்பணம் என்று அவர் கையெழுத்தில். அதன் கடைசிப் பக்கத்தில்தான் எழுதச் சொன்னார். மேலே தலைப்பு என்ன போடுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர், வர வேண்டிய பாக்கி" என்று போடச் சொன்னார்.